அய்ன் ராண்டைத் தெரிந்துகொள்ள எதில் தொடங்குவது? பார்பரா பிராண்டனும் மற்ற மூவரும்

ரஷ்யாவில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் அய்ன் ராண்டின் நாவல்களில் 'தி ஃபவுண்டன்ஹெட்' முடித்து, 'அட்லஸ் ஷ்ரக்டு'ம் ஒருவழியாக முடித்துவிட்டு, "சரி, இதை எழுதிய அம்மா யார்? அவரைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் படிப்பதென்றால் எதைப் படிக்கலாம்?" என்று கேட்பவர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் மூன்று வேறு பதில்களைச் சொன்னேன். மூன்றையும் யோசித்துத்தான் சொன்னேன். ஏன் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை என்பதை இங்கே விளக்கமாக எழுதிவிடுகிறேன்.

எந்தப் பதிலைச் சொன்னாலும் அதில் ஒரு பெயர் வந்துவிடுகிறது: பார்பரா பிராண்டன். ராண்டின் முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் அவர். 24 ஆண்டுகள் கழித்து, அந்த முதல் வரலாற்றில் சொல்லாமல் விட்டதையெல்லாம் இன்னொரு வரலாறாக எழுதியவரும் அவரே. பின்னால் வந்த எல்லோரும் அவர் தோள்மேல் ஏறித்தான் எட்டிப் பார்த்தார்கள், அவரோடு சண்டை போட வந்தவர்கள் உட்பட. அதனால் முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிட்டு ஒப்பீட்டுக்கு வருகிறேன்.

## பார்பரா யார்?

1929 மே 14 அன்று கனடாவின் வினிபெக் நகரில் பிறந்தவர் பார்பரா வைட்மன். நாதன் புளூமெந்தால் என்ற பெயரோடு பிறந்து பிறகு நதானியேல் பிராண்டன் ஆனவரும் கனடாக்காரர்தான். பார்பராவைவிட ஒரு வயது இளையவர். 'தி ஃபவுண்டன்ஹெட்'டின் மேல் இருவருக்கும் இருந்த பித்துதான் அவர்களைச் சேர்த்துவைத்தது. இருவரும் லாஸ் ஏஞ்சலஸில் படித்துக்கொண்டிருந்தபோது நதானியேல் ராண்டுக்குக் கடிதம் எழுதினார், அழைப்பு வந்தது. 1950 மார்ச்சில் முதலில் அவர் மட்டும் போனார், அடுத்த வாரம் பார்பராவையும் கூட்டிப்போனார். அப்போது பார்பராவுக்கு 20 வயது, ராண்டுக்கு 45.

அடுத்த ஆண்டே எல்லோரும் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். பார்பரா அங்கே தத்துவத்தில் முதுகலை முடித்தார். 1953 ஜனவரியில் இருவருக்கும் கல்யாணம். ராண்டும் அவர் கணவர் ஃபிராங்க் ஓ'கானரும் மணமக்களுக்குத் துணை நின்றார்கள். ராண்டைச் சுற்றி உருவான சிறு வட்டத்துக்கு விளையாட்டாக 'கலெக்டிவ்' என்று பெயர். ராண்டின் வாரிசாகப் பின்னாளில் வந்த லெனர்ட் பீக்காஃப் பார்பராவின் உறவுக்காரப் பையன். பிறகு அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரான ஆலன் கிரீன்ஸ்பானை இந்த வட்டத்துக்குக் கொண்டுவந்தவர் பார்பராவின் பால்யத் தோழி. உள்ளே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிராண்டன் தம்பதியின் சொந்தமோ சிநேகமோதான். அந்த வட்டம் ஏன் அப்படி இறுகியது, உடைந்தபோது ஏன் அவ்வளவு சத்தம் கேட்டது என்பதற்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

அதன் பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. 1950-களின் நடுவில் ராண்டுக்கும் தன்னைவிட 25 வயது இளையவரான நதானியேலுக்கும் காதல் உறவு ஏற்பட்டது. ஒளித்துச் செய்யவில்லை. பார்பராவையும் ஃபிராங்கையும் உட்காரவைத்து, விளக்கம் சொல்லி, சம்மதம் கேட்டார்கள். இருவரும் சம்மதித்தார்கள். பகுத்தறிவு, தன்னலம், தடையற்ற முதலாளித்துவம் என்று பேசிய ராண்டின் தத்துவத்துக்காக 1958-இல் நதானியேல் தொடங்கிய சொற்பொழிவு நிறுவனம் ஊர் ஊராக வளர்ந்தது. தெளிவாகச் சிந்திப்பது எப்படி என்ற வரிசையை பார்பரா அதில் நடத்தினார். 1965-இல் தம்பதி பிரிந்தார்கள். நதானியேலுக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருந்தது. ஒரு கட்டத்துக்குப் பிறகு பார்பராவுக்கும் அது தெரியும், தெரிந்தும் ராண்டிடம் சொல்லவில்லை. 1968 ஆகஸ்டில் பார்பராவே போய்ச் சொன்னார். ராண்ட் இருவரையும் ஒதுக்கினார். 'அட்லஸ் ஷ்ரக்டு'வின் சமர்ப்பணப் பக்கத்தில் கணவர் பெயரோடு இருந்த நதானியேலின் பெயர் அடுத்தடுத்த அச்சுகளில் காணாமல் போனது.

ராண்ட் 1982 மார்ச்சில் இறந்தார். 1986-இல் பார்பராவின் 'தி பேஷன் ஆஃப் அய்ன் ராண்ட்' வெளிவந்தது. 2013 டிசம்பரில், 84 வயதில், பார்பரா லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.

## எதை வைத்து எடை போடுவது?

வாழ்க்கை வரலாறு என்றாலே எல்லோரும் "நல்லா எழுதியிருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ராண்ட் விஷயத்தில் அது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. நான் பார்ப்பது இந்த நான்கையும்தான்:

- எழுதியவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? அதே அறையிலா, அடுத்த தலைமுறையிலா?
- கையில் என்ன ஆதாரம் இருந்தது? நினைவா, ஒலிநாடாவா, கடிதங்களா, ஆவணக்காப்பகமா?
- தவறென்று பிறகு தெரியவந்தவை எவை? அவை புத்தகத்தைச் சாய்க்கிற அளவுக்குப் பெரியவையா?
- அந்தப் புத்தகம் உங்களிடம் என்ன கேட்கிறது? பணத்தைச் சொல்லவில்லை. நேரம், முன்படிப்பு, அப்புறம் மனதில் ஒருமுறை விழுந்துவிட்டால் அழிக்கக் கஷ்டமான சித்திரங்கள்.

| புத்தகம் | ஆண்டு | எழுதியவர் நின்ற இடம் | முக்கிய ஆதாரம் |
|---|---|---|---|
| 'ஹூ இஸ் அய்ன் ராண்ட்?' நூலில் பார்பராவின் கட்டுரை | 1962 | ராண்டின் பக்கத்தில் | ராண்டே சொன்னது |
| 'தி பேஷன் ஆஃப் அய்ன் ராண்ட்', பார்பரா பிராண்டன் | 1986 | உள்ளே இருந்து வெளியே வந்தவர் | அதே பேட்டிகள், சொந்த நினைவு, பலரின் நேர்காணல் |
| 'ஜட்ஜ்மென்ட் டே', நதானியேல் பிராண்டன் | 1989, திருத்திய வடிவம் 1999 | உறவின் ஒரு தரப்பு | சொந்த நினைவு |
| 'காடஸ் ஆஃப் தி மார்க்கெட்', ஜெனிஃபர் பர்ன்ஸ் | 2009 | வரலாற்றுப் பேராசிரியர் | ராண்டின் ஆவணக்காப்பகம் |
| 'அய்ன் ராண்ட் அண்ட் தி வேர்ல்டு ஷி மேட்', ஆன் ஹெல்லர் | 2009 | பத்திரிகையாளர் | ரஷ்ய ஆவணங்கள், நேர்காணல்கள் |

## 1962 கட்டுரை: சொல்லாமல் விட்டதற்காகப் படிக்கவேண்டியது

'ஹூ இஸ் அய்ன் ராண்ட்?' நூலில் நான்கு கட்டுரைகள். மூன்று நதானியேலுடையவை. நூலின் பெயரையே தலைப்பாகக் கொண்ட வாழ்க்கைக் கட்டுரை பார்பராவுடையது. அதற்காக ராண்ட் அவரிடம் மணிக்கணக்கில் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து தன் கதையைச் சொல்லி ஒலிநாடாவில் பதியவைத்தார்.

ஆதாரத்துக்குக் குறையில்லை, கதாநாயகியே பேசியிருக்கிறார். குறை என்னவென்றால், கதாநாயகி மட்டும்தான் பேசியிருக்கிறார். தன் கணவனுக்கும் ராண்டுக்கும் நடுவே இருந்ததைத் தெரிந்தவராகத்தான் பார்பரா அப்போது அந்த வீட்டில் உட்கார்ந்து, நாடாவை ஓடவிட்டு, கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு மூச்சும் இல்லை. இருக்கவும் முடியாது.

முதல் புத்தகமாக இதை யாருக்கும் கொடுக்கமாட்டேன். பழைய பிரதியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும், கிடைத்தாலும் ஒரு துதிப்பாடல்தான் கையில் இருக்கும். ஆனால் 1986 புத்தகத்தைப் படித்துவிட்டவருக்கு இது பொக்கிஷம். ஒரே ஆள், ஒரே நாடாக்கள், இரண்டு வாழ்க்கை வரலாறுகள். ஒரு இயக்கத்துக்குள் இருக்கும்போது மனிதர் எதையெல்லாம் பார்த்தும் பார்க்காமல் எழுதுகிறார் என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் இன்னொரு ஜோடியை நான் பார்த்ததில்லை.

## 1986: 'தி பேஷன் ஆஃப் அய்ன் ராண்ட்'

கல்லூரி விடுதியில் நான் முதலில் படித்தது இதைத்தான், யாரோ விட்டுப்போன பிரதி. 400 பக்கத்துக்கு மேல் இருக்கும். மூன்று ராத்திரியில் முடித்தேன்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். அந்த உறவு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் பார்பராவுக்கு அடிக்கடி காரணம் தெரியாத பயம் பிடித்து உலுக்கும். ஒருநாள் மாலை, நதானியேல் ராண்டின் வீட்டில் இருக்கும் நேரத்தில், தெருவில் நடந்துகொண்டிருந்தவருக்குத் தாங்கமுடியவில்லை. பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டு, "நான் அங்கே வரட்டுமா?" என்று கேட்கிறார். ராண்டுக்கு வந்தது கோபம். தன் நேரத்தில் குறுக்கே வந்ததற்காகத் திட்டித் தீர்க்கிறார். இதில் என்னை உலுக்கியது ராண்டின் கோபம் அல்ல. அந்தக் கோபம் நியாயமானதுதான், குறை தன்னிடம்தான் என்று பார்பரா பல காலம் நம்பினார் என்பதுதான். பகுத்தறிவு, சுயமரியாதை என்று நாள் முழுக்கப் பேசிய ஒரு வட்டத்துக்குள், ஒரு பெண் தன் வலியைத் தன் சிந்தனைக் கோளாறு என்று எண்ணிக்கொண்டு நின்றாள். இதை எந்த ஆவணக்காப்பகமும் சேர்த்துவைத்திருக்காது.

இன்னொரு பலம், பார்பரா பழிவாங்கவில்லை. அப்படி எழுதியிருக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனாலும் பன்னிரண்டு வயதில் புரட்சியைப் பார்த்த ஆலிசா ரோசன்பாம் என்ற பெண், 1926-இல் அரைகுறை ஆங்கிலத்தோடு அமெரிக்காவில் இறங்கி, அந்த மொழியிலேயே நாவல் எழுதிக் காட்டியதைச் சொல்லும்போது அவர் பேனாவில் உண்மையான பிரமிப்பு தெரிகிறது. 1981-இல், 13 ஆண்டு மௌனத்துக்குப் பிறகு, நியூயார்க்கில் ராண்டைப் போய்ப் பார்த்ததையும் எழுதுகிறார். அந்தப் பக்கங்களில் கசப்பு இல்லை.

இனி குறைகள். உரையாடல்கள் மேற்கோள் குறிக்குள் முழுசு முழுசாக வருகின்றன. 30 ஆண்டுக்கு முன் பேசியதை இப்படி யாராலும் நினைவில் வைத்திருக்க முடியாது. இந்தப் பேட்டி நாடாக்களையும் அவர் செதுக்கித்தான் பயன்படுத்தினார் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பெரிய உதாரணம் 'ராண்ட்' என்ற பெயர். ரெமிங்டன்-ராண்ட் தட்டச்சுப்பொறியைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார் என்று, சிகாகோவில் இருந்த ஓர் உறவுக்காரப் பெண்ணின் நினைவை நம்பி, பார்பரா எழுதினார். அருமையான கதை. நானும் பல வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ரெமிங்டனும் ராண்ட் நிறுவனமும் இணைந்ததே 1927-இல்தான். 1926-லேயே ரஷ்யாவிலிருந்து குடும்பத்தார் எழுதிய கடிதங்களில் அந்தப் பெயர் இருக்கிறது. அப்படியொரு தட்டச்சுப்பொறி சந்தைக்கு வருவதற்கு முன்பே அவர் ராண்ட் ஆகிவிட்டார்.

இன்னொன்று ஃபிராங்கின் குடி. கடைசி ஆண்டுகளில் அவர் நிறையக் குடித்தார் என்று பார்பரா எழுதினார். ராண்டுக்கு நெருக்கமாக இருந்த வேறு சிலர் அதை மறுத்தார்கள். 2005-இல் வழக்கறிஞர் ஜேம்ஸ் வேலியன்ட், ராண்டின் சொந்த நாட்குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, பிராண்டன் தம்பதி இருவரையும் நம்பவே கூடாது என்று ஒரு புத்தகமே எழுதினார். குறுக்கு விசாரணை மாதிரி இருக்கும் அது. ஆனால் அதே நாட்குறிப்புகள்தான் அந்த உறவு நடந்தது என்பதையும் சந்தேகமில்லாமல் உறுதிப்படுத்தின. பார்பரா சொன்ன அடிப்படை விஷயம் நின்றது.

இது யாருக்கு: ராண்டை ஒரு மனுஷியாகத் தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு. கட்சி, இயக்கம், குரு என்று ஏதாவது ஒன்றுக்குள் இருந்து வெளியே வந்தவருக்கு இதைக் கட்டாயம் சொல்வேன். மறைந்திருக்கும் செலவு: இதை முதலில் படித்தால், பிறகு ராண்டின் நாவல்களைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தொலைபேசி அழைப்பு காதில் விழும். நாவலோடு நாவலாக மட்டும் இருக்க நினைப்பவர் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

## நதானியேலின் நினைவுக்குறிப்பு

சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நதானியேல் நன்றாக எழுதக்கூடியவர், சுயமதிப்பு பற்றிய உளவியல் நூல்களால் உலகப் புகழ் பெற்றவர். அந்த உறவில் இருந்த இருவரில் அதைப் பற்றிப் பேச உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் மன்னிப்புக் கேட்பதும் தன்னை நியாயப்படுத்துவதும் பின்னிக்கிடக்கின்றன. 1989 புத்தகத்தையே பத்து ஆண்டு கழித்து 'மை இயர்ஸ் வித் அய்ன் ராண்ட்' என்று திருத்தி வெளியிட்டார்.

பார்பராவைப் படிக்காமல் இதை மட்டும் படிப்பது, விவாகரத்து வழக்கில் ஒரு தரப்பு மனுவை மட்டும் படிப்பது போல. இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எடுத்தால் பலன் உண்டு. அதே சம்பவத்தைக் கணவன் ஒருமாதிரி, மனைவி ஒருமாதிரி சொல்லும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். உண்மை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இல்லை. பார்பரா பக்கம்தான் சாய்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு. தன் பொய்யையும் கணக்கில் எழுதியவர் அவர்.

## பர்ன்ஸ்: சிந்தனையின் கதை

ஜெனிஃபர் பர்ன்ஸ் வரலாற்றாசிரியர். முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக வந்த புத்தகம் இது. அப்போது கலிஃபோர்னியாவின் அர்வைனில் இருந்த ராண்ட் ஆவணக்காப்பகம் அவருக்குத் திறந்துவிடப்பட்டது. அதனால் ஒரு பெரிய உபகாரம் நடந்தது: அச்சில் வந்த ராண்டின் நாட்குறிப்புகளை மூலத்தோடு ஒப்பிட்டு, பதிப்பாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வாசகங்களை மாற்றியிருக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்காட்டினார். ராண்டை மேற்கோள் காட்டி எழுதும் எவரும் இதைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

இங்கே ராண்ட் தனி ஆள் அல்ல, அமெரிக்க வலதுசாரிச் சிந்தனையின் நடுவே நடமாடும் ஆள். 1940 தேர்தலில் ரூஸ்வெல்ட்டுக்கு எதிராக வெண்டல் வில்கிக்கு வேலை செய்தது, எழுத்தாளர் இசபெல் பேட்டர்சனிடம் ராத்திரி ராத்திரியாகப் பாடம் கேட்டது, 'தி ஃபவுண்டன்ஹெட்'டைக் கெடுவுக்குள் முடிக்க ஊக்கமருந்து மாத்திரை எடுக்கத் தொடங்கியது எல்லாம் சரியான இடத்தில் வருகின்றன. அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்று சொல்லும் லிபர்டேரியன்கள் அவரைத் தாயாகக் கொண்டாடினார்கள், அவரோ அவர்களை வலதுசாரி ஹிப்பிகள் என்று விரட்டினார். இந்த விசித்திரம் இந்தப் புத்தகத்தில்தான் தெளிவாகப் புரிகிறது.

குறை: அந்த அறையின் வெப்பம் இல்லை. 1968 பிளவு இங்கே ஓர் இயக்கத்தின் பிளவு. நான்கு பேரின் வாழ்க்கை உடைந்த சத்தம் கேட்காது. அமெரிக்க அரசியல் பெயர்கள் பழக்கமில்லாதவருக்கு முதல் 100 பக்கம் கொஞ்சம் இழுக்கும். கட்டுரை எழுதுபவர், மாணவர், விவாதம் செய்பவர் ஆகியோருக்கு முதல் புத்தகம் இதுதான். அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

## ஹெல்லர்: முழுக் கதை

பர்ன்ஸ் புத்தகம் வந்த அதே பருவத்தில் ஆன் ஹெல்லரின் புத்தகமும் வந்தது. ஹெல்லருக்கு அர்வைன் காப்பகத்தின் கதவு திறக்கவில்லை. அவர் சுற்றுவழியில் போனார்: ரஷ்யாவில் ஆள் வைத்து ஆவணம் தேடினார், உயிரோடு இருந்தவர்களைப் போய்ப் பார்த்தார். பீட்டர்ஸ்பர்க்கில் அப்பாவின் மருந்துக்கடை, யூதக் குடும்பத்தின் மேல் இருந்த நெருக்கடி, கடையைப் பறிகொடுத்தது ஆகியவை இங்கே விரிவாக இருக்கின்றன. 'பிறருக்காக' என்ற சொல்லைக் கேட்டாலே ராண்டுக்கு ஏன் உடம்பு எரிந்தது என்பது அந்தக் கடையில் தொடங்குகிறது.

ஹெல்லர் பக்தர் இல்லை, விரோதியும் இல்லை. வேகமாகப் படிக்கலாம், ஆனால் 500 பக்கத்துக்கு மேல். இன்னொன்றையும் கவனியுங்கள். காப்பகம் கிடைக்காததால், வட்டத்துக்குள் நடந்தவற்றுக்கு ஹெல்லர் பெரிதும் பிராண்டன் தம்பதியையே சார்ந்திருக்கிறார். பார்பராவுக்கு மாற்றாக ஹெல்லரைப் படித்தாலும் பல இடங்களில் நீங்கள் பார்பராவைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

## படம் பார்த்தால் போதாதா?

இதையும் கேட்கிறார்கள். பார்பராவின் புத்தகத்தை வைத்து 1999-இல் தொலைக்காட்சிப் படம் வந்தது. ராண்டாக ஹெலன் மிர்ரன், பார்பராவாக ஜூலி டெல்பி. மிர்ரனுக்கு எம்மி விருது கிடைத்தது, தகுதியான விருது. ஆனால் படத்தில் உறவு இருக்கிறது, சிந்தனை இல்லை. சிந்தனை இல்லாமல் அந்த உறவு புரியாது. நான்கு பேரும் அதைத் தர்க்கத்தால் நியாயப்படுத்திக்கொண்டார்கள் என்பதுதானே அதில் பயங்கரமே. புத்தகத்துக்குப் பிறகு பாருங்கள்.

## அந்த மூன்று பேருக்கு

முதலில் கேட்டவர் முதுகலை மாணவி, ராண்டின் பொருளாதாரப் பார்வை பற்றிக் கட்டுரை எழுதவேண்டியவர். பர்ன்ஸ் என்றேன். பார்பராவிலிருந்து மேற்கோள் எடுப்பதாக இருந்தால், மேற்கோள் குறிக்குள் இருக்கும் உரையாடலை ராண்டின் வாய்மொழியாக எழுதிவிடாதே, 'பார்பராவின் நினைவின்படி' என்று சேர்த்துக்கொள் என்றும் சொன்னேன்.

இரண்டாமவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நாற்பது வருடத்துக்கு முன் நாவல்களைப் படித்தவர், இப்போது நிதானமாக ஒரே ஒரு பெரிய புத்தகம் போதும் என்கிறார். அவருக்கு ஹெல்லர்.

மூன்றாமவர் பதினைந்து வருடம் ஓர் அமைப்பில் ராப்பகலாக உழைத்துவிட்டு, போன வருடம் வெளியே வந்தவர். ராண்டின் கருத்துகள் மேல் அவருக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. "உள்ளே இருந்தபோது எனக்கு ஏன் எதுவுமே தெரியவில்லை?" என்பதுதான் அவர் உண்மையில் கேட்டது. என் பிரதியை எடுத்துக் கொடுத்தேன், பார்பராவுடையது. தட்டச்சுப்பொறிக் கதை வரும் பக்கத்தில் 'இது தவறு' என்று ஓரத்தில் நான் எழுதிவைத்திருக்கிறேன். தொலைபேசிக் காட்சி வரும் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.